மஃரிபுக்குக் கேட்ட சத்தம்

அந்திநேர மஃரிப் தொழுகை முடித்து, களப்போரத்து மீன் வாடிக்கு வந்த முத்தலிபு ஹாஜியார், கதவின் கொண்டி நெம்பப்பட்டுத் தொங்குவதைக் கண்டார். விளக்கைப் போட்டார். வலைகள் இருந்தன. ஐஸ் பெட்டிகள் இருந்தன. மரச் சட்டத்தில் மாட்டியிருந்த படகு எஞ்சினை மட்டும் காணவில்லை.

தோணிகள் கட்டியிருந்த களப்புத் தண்ணீர்ப் பக்கமிருந்து அஹமட் ஓடி வந்தான். ஹாஜியாரின் தங்கை மகன். வாடியையும் தோணிகளையும் பார்த்துக்கொள்பவன்.

"மாமா, நான் பைக் சத்தம் கேட்டன். அம்ஜத்ட பைக்."

அந்தப் பெயரைக் கேட்டதும் ஹாஜியாரின் முகம் இறுகியது. அம்ஜத் ஆலங்குடாவில் கடற்கரை ஹோட்டலொன்றில் வேலை செய்பவன். தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த குடும்பத்தின் மகன். கைக்குழந்தையாக வந்து இங்கேயே வளர்ந்தவன். நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு அவனுடைய உம்மா நஃபீஸா, ஹாஜியாரின் ஒரே மகள் ஸபீனாவைப் பெண் கேட்டு வந்திருந்தாள். யுத்தம் முடிந்துவிட்டது, நாளைக்கே ஊருக்குத் திரும்பப் போகிறவர்களுக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்று நினைத்தார் ஹாஜியார். ஆனால் வாயால் சொன்னது வேறு: "மகளுக்கு விருப்பமில்லை."

சார்ஜன்ட் நிக்கொலஸ் வந்து சேர்ந்தபோது, பள்ளியிலிருந்து வந்த ஆட்கள் வாடி முற்றத்து ஈர மணலை மிதித்துத் துவைத்திருந்தார்கள். தடயம் என்று எதுவும் மிஞ்சவில்லை. நிக்கொலஸ் சிலாபத்துக்காரர். மெலிந்த மனிதர், குரலை உயர்த்தாதவர். அஹமட்டைத் தனியாக அழைத்தார். அவனுடைய சாரம் இடுப்பு வரை நனைந்து, கறுப்புச் சேறு அப்பியிருந்தது.

"எங்க நிண்டீங்க?"

"தோணிக்குள்ள, சேர். மழைத் தண்ணி இறைச்சுக்கொண்டு நிண்டன்."

"மழை விட்டிட்டா அப்ப?"

"விட்டிட்டு. பின்னேரம் அஸருக்குப் பிறகு ஒரு பாட்டம் அடிச்சு, பாங்குக்கு முந்தியே விட்டிட்டு. பாங்கு முடிஞ்ச கையோட பைக் வந்திச்சு."

"கண்டீங்களா?"

"வாடி மறைச்சிருந்திச்சு. கேட்டன்."

"அம்ஜத்ட பைக்தான் எண்டு எப்படிச் சொல்றீங்க?"

"அந்தச் சத்தம் ஊருக்கே தெரியும், சேர். உப்புக் காத்தில சைலன்சர் துருப்பிடிச்சு ஓட்டை. பட பட எண்டு அடிக்கும். நிப்பாட்டக்குள்ள ஒருக்கா வெடிக்கும். இண்டைக்கும் அப்படித்தான் வெடிச்சிச்சு."

"தொழப் போகல்லையா?"

"உடுப்பு நனைஞ்சிருந்திச்சு."

நிக்கொலஸ் எழுதிக்கொண்டார். ஒரு கான்ஸ்டபிளை அழைத்து, அம்ஜத்தின் வீட்டு வாசலில் காவல் நிற்கச் சொன்னார். "விடியும் மட்டும் அந்த வளவில ஒரு சாமானையும் ஒருத்தரும் தொடக் கூடாது."

பிறகு ஹாஜியாரோடு அவருடைய வீட்டுக்கு நடந்தார். வீடு பெரிய ரோட்டோரத்தில் இருந்தது. சார்ஜன்ட் கதிரையில் உட்கார்ந்து முறைப்பாட்டில் அம்ஜத்தின் பெயரை எழுதத் தொடங்கியதும், உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அவர் வாடிக்குப் போகல்ல."

ஹாஜியார் திரும்பினார். "ஸபீனா, நீ உள்ள போ."

"சொல்லட்டும், ஹாஜியார்," என்றார் நிக்கொலஸ். "ஆர் போகல்ல, மகள்?"

"அம்ஜத். பாங்கு சொல்லக்குள்ள இந்த ரோட்டால வீட்டுக்குப் போனார். நிறுத்தல்ல. நேராப் போனார்."

"கண்டீங்களா?"

திரை அசைந்தது. "சத்தம் கேட்டிச்சு. பட பட எண்டு போகும். ஒவ்வொரு நாளும் அந்த நேரத்துக்குத்தான் போறது."

நிக்கொலஸின் பேனை தாளின் மேல் அசையாமல் நின்றது. ஒரே பாங்கு நேரத்தில் அந்தச் சத்தத்தை இருவர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் வாடியில், மற்றவர் அதற்கு எதிர்த்திசையில்.

காலையில் அவர் அம்ஜத்தின் வீட்டுக்குப் போனார். ஓலை வேலி, தகரக் கூரை, மணல் முற்றம். கான்ஸ்டபிள் தூக்கக் கலக்கத்தோடு சலாம் வைத்தான். நஃபீஸா வாசலில் நின்றாள். இரவு முழுக்க அழுத கண்கள். மோட்டார் சைக்கிள் விறாந்தையில் நின்றது. அதில் பூட்டியிருந்த புது சைலன்சர் வெள்ளி போலப் பளபளத்தது. பழையது கிணற்றடி ஓரமாக, வெறும் மணலில் கிடந்தது.

"நேத்து மஃரிபுக்கு எங்க இருந்தீங்க?"

"வீட்டில, சேர்," என்றான் அம்ஜத். "லீவு போட்டிருந்தன். சைலன்சர் மாத்தினன்."

"சாட்சி?"

"உம்மா."

"உம்மாமாரைக் கேட்டா எல்லா மகன்மாரும் வீட்டிலதான் இருந்திருப்பாங்க. உங்கட பைக் சத்தத்தைக் கேட்டதெண்டு ரெண்டு பேர் சொல்றாங்க."

அம்ஜத் நிமிர்ந்தான். "ஆர் அவங்க?"

"அது பிறகு. எப்ப வந்தது இந்தப் புதுச் சாமான்?"

"நேத்து மத்தியானம், கொழும்பு பஸ்ஸில."

"ஆருக்கெல்லாம் சொன்னீங்க?"

"ஒருத்தருக்கும் சொல்லல்ல. அஸர் தொழுதிட்டு வந்து கழட்டத் தொடங்கினன். நட் துருவில இறுகிக் கிடந்திச்சு. சுட்ட எண்ணெய் விட்டு ஊற வச்சுத்தான் திருப்பினன். பழசக் கழட்டி வச்ச கையோட மழை வந்திட்டு. பைக்க விறாந்தைக்குத் தள்ளிக்கொண்டு வந்து, புதுசப் பூட்டினன்."

"ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா?"

"இல்ல, சேர். எஞ்சின் வாயில ஒரு செப்பு வளையம் வைக்கோணும். பழசு நசுங்கிட்டு, புதுசு பெட்டியில வரல்ல. அது இல்லாம ஸ்டார்ட் பண்ணினா புகை ஒழுகும்."

நிக்கொலஸ் புதுக் குழாயருகே குந்தினார். வெளிச்சத்துக்கு முகத்தைச் சாய்த்துப் பார்த்தார். எஞ்சினிலிருந்து வளைந்து இறங்கும் இடத்தில் எண்ணெய் படிந்த ஒரு கை அடையாளம் இருந்தது. ஒரு விரலால் தடவினார். அழிந்து விரலில் ஒட்டியது. பிறகு கிணற்றடிக்குப் போனார். முற்றம் எங்கும் மழைத்துளி குத்திய புள்ளிகள். பழைய சைலன்சரைத் தூக்கினார். அதன் வாயிலிருந்து துருநிறத் தண்ணீர் வழிந்தது. அது கிடந்த இடத்தைக் குனிந்து நெடுநேரம் பார்த்தார். கான்ஸ்டபிளையும் கூப்பிட்டுக் காட்டினார்.

எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, வேறு எதையோ கேட்பவர் போலக் கேட்டார்:

"ஹோட்டலில இருந்து இங்க வரப் பள்ளிக்குப் பின்னால குறுக்குப் பாதை இருக்கு. நீங்க ஏன் ஒவ்வொரு நாளும் பெரிய ரோட்டால சுத்தி வாறீங்க?"

அம்ஜத்தின் காது சிவந்தது. "அந்த ரோட்டு நல்லம், சேர்."

"பள்ளமும் குழியுமா இருக்கு."

அவன் குனிந்து கையைத் துணியில் துடைத்தான். நிக்கொலஸ் வற்புறுத்தவில்லை.

"இப்ப ஏன் சைலன்சர் மாத்தினீங்க?"

"மன்னாருக்குப் போறன். வாப்பா அங்க எங்கட காணியத் துப்புரவாக்கி வீடு கட்டுறார். ஓட்டைச் சைலன்சரோட அவ்வளவு தூரம் போக ஏலாது."

"திரும்பி வாற எண்ணம்?"

அம்ஜத் வேலிக்கு அப்பால் பார்த்தான். "இங்க நான் கேட்டது ஒண்டுதான், சேர். அதுக்கு விருப்பமில்லை எண்டு சொல்லிட்டாங்க."

முற்பகலில் வாடி முற்றத்தில் மூவர் நின்றார்கள்: நிக்கொலஸ், ஹாஜியார், அஹமட். கான்ஸ்டபிள் சற்றுத் தள்ளி நின்றான். களப்பில் காற்று இல்லை.

"அவனப் பிடிச்சிட்டீங்களா?" என்றார் ஹாஜியார்.

"இல்ல. பிடிக்கவும் மாட்டன்." நிக்கொலஸ் அஹமட்டைப் பார்த்தார். "தம்பி, நேத்துக் கேட்ட சத்தத்தை இன்னொருக்காச் சொல்லுங்க."

"சொன்னேனே, சேர். பட பட எண்டு வந்து, நிப்பாட்டக்குள்ள வெடிச்சிச்சு."

"ஓட்டைச் சைலன்சர்?"

"ஓம்."

"அந்தச் சைலன்சர் அந்த நேரம் பைக்கில இல்ல."

நிக்கொலஸ் அவசரப்படாமல் சொல்லிக்கொண்டு போனார்.

"அம்ஜத்ட வீட்டு முத்தத்தில அந்தப் பழசு கிடந்திச்சு. சுத்திவர எல்லா இடத்திலயும் மழைத்துளி குத்தின புள்ளி. தூக்கிப் பார்த்தா அடியில ஒரு புள்ளி இல்ல. மணல் அப்படியே மழமழ எண்டு கிடக்கு. மழைக்குப் பிறகு கொண்டுவந்து போட்டிருந்தா அதுக்கு அடியிலயும் துளி விழுந்திருக்கும். அப்ப, மழைக்கு முந்தியே அது கழண்டு மண்ணில கிடந்திருக்கு. களவு நடந்தது மழைக்குப் பிறகு. நீங்களே சொன்னது."

"அப்ப... புதுசப் பூட்டிக்கொண்டு வந்திருப்பான்."

"புதுசு பட பட எண்டு அடிக்காது. அது கிடக்கட்டும். ஒரு தரம் சூடேறின குழாய் நிறம் மாறும், அதில பட்ட எண்ணெய் கருகி ஒட்டிக்கொள்ளும். அவன் பூட்டின புதுசில கை அடையாளம் ஈரமாவே இருக்கு. அந்தக் குழாயில நெருப்பே படல்ல. நேத்து மஃரிபுக்கு அம்ஜத்ட பைக் ஓடவே ஏலாது. நீங்க ஒவ்வொரு நாளும் கேக்கிற சத்தத்தை எனக்குச் சொல்லிட்டீங்க, தம்பி. நேத்து அந்தச் சத்தம் ஊரிலயே இல்ல. சைலன்சர் மாத்தினது உங்களுக்குத் தெரியாமப் போயிட்டு."

ஹாஜியார் மருமகனின் பக்கம் திரும்பினார். அவன் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னொண்டு," என்றார் நிக்கொலஸ். "தோணியில மழைத் தண்ணி இறைக்கிறவன்ட சாரத்தில இடுப்பு வரைக்கும் கண்டல் காட்டுச் சேறு எப்படி வந்திச்சு? எஞ்சின் எங்க?"

அஹமட் குனிந்த தலையை நிமிர்த்தினான். பிறகு களப்பின் ஓரத்தைக் கை காட்டினான். "கண்டலுக்குள்ள. பொலித்தீன் சுத்தி, தண்ணி படாம வேர்ல ஏத்தி வச்சிருக்கிறன். மாமாட எஞ்சின் பழுதாகக் கூடாது எண்டு."

"ஏன்டா?" ஹாஜியார் ஒரு அடி முன்னால் வந்தார். "கேட்டிருந்தா எஞ்சினையே தந்திருப்பனே."

"எனக்கு எஞ்சின் எதுக்கு, மாமா? அவன் ஜெயிலுக்குள்ள போனாப் போதும் எண்டு நினைச்சன்." அவன் முழங்கையால் முகத்தைத் துடைத்தான். "அந்தச் சத்தம் கேட்டா அவ ஜன்னலுக்கு வாறா. நான் முத்தத்தில, கண்ணுக்கு முன்னால நிப்பன். என்னத் தாண்டி ரோட்டப் பாப்பா. சின்ன வயசில இருந்து நான் அந்த வீட்டு முத்தத்திலதான் நிக்கிறன்."

எஞ்சினை எடுத்துவரக் கான்ஸ்டபிள் அவனோடு கண்டல் பக்கம் நடந்தான். ஹாஜியார் தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"சேர், அப்ப என்ட மகள்? அவளும் கேட்டதெண்டாளே?"

"அது என்ட புத்தகத்தில இல்ல, ஹாஜியார். நான் எழுதல்ல. வீட்டில போய் நீங்களே கேளுங்க."

மத்தியானம் ளுஹர் தொழுதுவிட்டு ஹாஜியார் வீட்டுக்கு வந்தார். ஸபீனா குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எஞ்சின் கிடைத்ததையும் எடுத்தவன் யார் என்பதையும் அவளிடம் சொன்னார். அவள் கை நின்றது.

"நேத்து நீ அந்தச் சத்தத்தைக் கேட்டியா?"

"இல்ல, வாப்பா."

"பிறகேன் கேட்டதெண்டு சொன்ன?"

அவள் தண்ணீரைப் பார்த்தபடி பேசினாள். "ஒவ்வொரு நாளும் கேக்கிறது. நேத்து மட்டும் கேக்கல்ல. பாங்கு முடிஞ்சு, தொழுது எழும்பியும் கேக்கல்ல. காத்துக்கொண்டே இருந்தன். பிறகு நீங்க சார்ஜன்ட்டோட வந்து களவு எண்டீங்க, அவர்ட பேரும் சொன்னீங்க. இந்தப் பக்கம் வராததால அவர் அங்கதான் போயிருப்பார் எண்டு பயந்திட்டன்."

"அப்ப, களவெடுத்தவன் எண்டு நினைச்சுக்கொண்டா அவனுக்காகப் பொய் சொன்ன?"

"ஓம்."

அவள் முகத்தைத் திருப்பவில்லை, அழவும் இல்லை. ஹாஜியார் ஏச வாயெடுத்தார். பெருநாளுக்குப் பிறகு அவளிடம் ஒரு வார்த்தை கேளாமல், அவளுடைய வாயால் சொன்னது போல நஃபீஸாவுக்குத் தான் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே இறங்கினார்.

அம்ஜத் விறாந்தையில் குந்தியிருந்து, கடையில் வாங்கிவந்த செப்பு வளையத்தைக் குழாயின் வாயில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலிப் படலையில் ஹாஜியாரைக் கண்டதும் எழுந்து நின்றான். நஃபீஸா முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டாள். அவர் உட்காரவில்லை.

"உன்னச் சந்தேகப்பட்டிட்டன். மன்னிச்சுக்கொள்."

"பரவாயில்ல, ஹாஜியார்."

"எப்ப மன்னாருக்கு?"

"வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிஞ்சு."

ஹாஜியார் புதுக் குழாயைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"நேத்து மஃரிபுக்கு நீ எங்கட வீட்டு ரோட்டால போன சத்தத்தைக் கேட்டதெண்டு, ஸபீனா சார்ஜன்ட்டுக்குச் சொன்னா."

அம்ஜத் விளங்காமல் பார்த்தான். "நான் போகல்லையே, ஹாஜியார்."

"ஓம்," என்றார் அவர். "அவளுக்கும் தெரியும்."

அவன் கையிலிருந்த வளையத்தை மெதுவாக நிலத்தில் வைத்தான். நஃபீஸா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். முற்றத்தில் ஒரு கோழி மணலைக் கிளறிக்கொண்டிருந்தது.

"அண்டைக்கு அவளுக்கு விருப்பமில்லை எண்டு சொன்னது நான்தான்," என்றார் ஹாஜியார். "அவளக் கேக்கல்ல."

"இதப் பேச வாப்பா வரோணும், அங்க வீட்டுக் கூரை போட்டிட்டுத்தான் வருவார்," என்றான் அம்ஜத்.

ஹாஜியார் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"கூரை போடும் மட்டும் பாத்துக்கொண்டு நிக்க வாணாம். ஒருக்கா வந்திட்டுப் போகச் சொல்லு."