ரெண்டு சாண் இடது

கொக்கி வைத்த நீளக் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் கப்பல் தொட்டிக்குள் இரும்பு ஏணியில் இறங்கி வந்தபோது, கீழறையில் மாட்டிக்கொண்டிருக்க வேண்டிய ட்ரோன் மேலறையின் மஞ்சள் விரிப்பில், நட்டநடுவில், யாரோ பத்திரமாக எடுத்து வைத்தது போல உட்கார்ந்திருந்தது. நான்கு இறக்கைகளிலிருந்தும் துருத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் புருஷன் ஏணியடியிலேயே, தரை விளக்கின் வெளிச்சம் எட்டாத மூலையில் குந்தியிருந்தான்.

"எப்படிங்க எடுத்தீங்க?"

"அதுவா வந்துச்சு."

அது அதுவாக வராது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும். திறந்த வானத்தின் கீழ் ட்ரோன் என்பது வளர்த்த புறா மாதிரி. மேலே சுற்றும் செயற்கைக்கோள்களைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் நிற்கும், வழி தவறினாலும் ஒரு பட்டனைத் தட்டினால் கிளம்பிய இடத்துக்கே வந்து இறங்கும். இது கப்பலின் அடிவயிறு. நாலாபக்கமும் விரல் தடிமனுக்கு இரும்பு. இங்கே ஜிபிஎஸ் இல்லை, திசைகாட்டிக்கோ இரும்பைப் பார்த்ததும் பைத்தியம் பிடித்துவிடும். ரிமோட்டின் திரையில் 'வீடு பதிவாகவில்லை' என்ற சிவப்பு வரி காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தது. தன் வயிற்றிலிருக்கும் சின்னக் கேமராவால் தரையைப் பார்த்துப் பார்த்துத்தான் அது நிலைநிற்கும்; தரையில் தண்ணீர் தேங்கிப் பளபளத்தால் அந்தக் கண்ணும் ஏமாந்துபோகும், பேசாமல் ஒரு பக்கமாக வழுக்கும். அப்படி வழுக்கித்தான் கொஞ்ச நேரத்துக்கு முன் கீழறையைக் குறுக்கே தடுக்கும், நடுவில் துளையுள்ள இரும்பு விலாக்களில் ஒன்றில் மோதி, அதன் திட்டிலேயே விழுந்து கிடந்தது.

"நான் இறங்கி எட்டி எடுத்துடவா?" என்று அவன் அப்போதே கேட்டான்.

"காலை வெட்டிடுவேன். பொம்மைக்காக எவனும் கீழ இறங்கக் கூடாது. கம்பு எடுத்துட்டு வர்றேன், இங்கயே உக்காருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் ஏறிப்போனாள்.

அவள் வெயிலையும் துருவையும் தின்று வளர்ந்தவள். அப்பன் இதே கப்பல் யார்டில் தொட்டித் துரு சுரண்டியவர், அவளும் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் சுரண்டியவள்தான். மூடிக்கிடக்கும் தொட்டியில் துரு பிடிக்கப் பிடிக்கக் காற்றிலுள்ள உயிர் போய்விடும். நாற்றம் இராது, புகை இராது, ரெண்டு மூச்சில் முட்டி மடங்கும். ஒருவன் விழுவான். தூக்கப் போகிறவன் அவன் மேலேயே விழுவான். அதனால்தான் ஆளுக்குப் பதில் ட்ரோன் இறங்க வேண்டும் என்று யார்டு முடிவெடுத்தபோது முதல் ஆளாகப் போய்க் கற்றுக்கொண்டாள். 'தும்பிக்காரி' என்று பெயரும் வாங்கினாள். புருஷன் மட்டும் காரியை வெட்டிவிட்டுத் 'தும்பி' என்பான்.

அவனுக்கு யார்டில் 'சாண்' என்று பெயர். சாரம் கட்டுகிறவன். எதையும் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே வைத்து அளந்துவிடுவான். மீட்டர், சென்டிமீட்டர் எல்லாம் அவனுக்குப் படித்தவர்கள் சமாசாரம். ஜிபிஎஸ் இல்லாத இடத்தில் ட்ரோன் விடுகிறவருக்குத் துணைக்கண் ஒன்று வேண்டும். அவள் திரையைப் பார்ப்பாள், அவன் ட்ரோனைப் பார்த்து, "ரெண்டு சாண் இடது... மேல ஒரு சாண்... போதும் போதும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். முன்னால் என்று அவன் சொன்னால் அவள் விரல் குச்சியைத் தள்ளும்போதே காலும் ஒரு எட்டு முன்னால் போகும். அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும். "வண்டிதான் போகணும் தும்பி, நீ எங்க போறே?"

இன்றைக்கு அவன் சிரிக்கவில்லை.

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தாள். காற்று மீட்டர். பழக்க தோஷத்தில் அதைத் தன்னோடேயே மேலே கொண்டுபோயிருக்கிறாள். கயிற்றில் கட்டி, ரெண்டு அறைகளையும் பிரிக்கும் இரும்புத் தட்டின் நடுவிலிருந்த நீள்வட்டத் துளை வழியே கீழறைக்குள் விட்டாள். கை நீளம் போவதற்குள் அது வீறிட்டது.

"இதுக்குள்ளயா இறங்குனீங்க? யோவ், உனக்குப் புத்தி இருக்கா? அறிவுகெட்ட மனுசா!"

"நான் இறங்கல."

"அப்ப பூட்ஸெல்லாம் ஏன் ஈரம்?"

அவள் யோவ் என்றால் அவன் உடனே, "வீட்ல எலி, வெளில புலின்னு சொல்லுவாங்க, இது ரெண்டு எடத்துலயும் புலி" என்று ஆரம்பிப்பான். இப்போது மூலையில் ஒரு கறுப்புக் குவியலாக உட்கார்ந்திருந்தான். எங்கேயோ இருமல் கேட்டது. பெயின்ட் தூசி அடைத்த அவன் நெஞ்சின் இருமல், ரெண்டு சின்னது, ஒன்று இழுவையாக. கீழிருந்து வந்தது போலிருந்தது. தொட்டிக்குள் சத்தத்துக்குத் திசை கிடையாது, வலப்பக்கம் தும்மினால் இடப்பக்கம் கேட்கும். அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"வீட்டுக்கு வாங்க, வச்சிக்கிறேன்" என்றாள்.

கீழறையின் கடைசி விலாவில் ஒரு வெல்டிங் மட்டும் படம் எடுக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் தொட்டி மூடியைப் போட்டு முடுக்கி, கப்பல் நிற்கும் பள்ளத்துக்குள் தண்ணீர் விட்டுக் கப்பலை மிதக்கவைத்துவிடுவார்கள். ட்ரோனைத் துடைத்தாள், பேட்டரி மாற்றினாள், இறக்கைகளைச் சுற்றிப் பார்த்தாள். துளைக்கு நான்கைந்து சாண் தள்ளி நின்றுகொண்டாள். துளையை விட்டு விலகினால் இரும்பு சிக்னலை விழுங்கிவிடும். திரையில் பிரதிபலிக்கிறதென்று தலைக்கவச விளக்கை அணைத்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் அவன், அவனுக்குப் பின்னால் ஏணி, ஏணிக்கு மேலே எங்கேயோ ஒரு தட்டளவு வெயில்.

ட்ரோன் துளைக்குள் இறங்கியது. அதன் விளக்கு கீழே பழுப்புத் தண்ணீரில் பட்டுச் சிதறி, விலாக்களின் நிழல்களைச் சுவர் முழுக்கச் சுழற்றிவிட்டது. இறக்கைச் சத்தம் இரும்பில் மோதிப் பெருகி, பல்லுக்குள் வந்து அதிர்ந்தது. ஈர இரும்பின் வாடை, ரத்தத்தை நக்கியது போன்ற அந்த வாடை, மேலேறி வந்தது.

"ரெண்டு சாண் இடது" என்றான்.

அவள் இடது தள்ளினாள்.

"முன்னால ஒரு சாண். இன்னும். போதும்."

அந்தக் குரல் வந்ததும் தோள் தளர்ந்தது. எத்தனை கோபம் இருந்தாலும் அந்தக் குரல் இருந்தால் அவள் எதற்குள்ளும் ஓட்டுவாள். அவன் 'முன்னால, முன்னால' என்று சொல்லச் சொல்ல முதல் விலாவின் துளையைத் தாண்டினாள். ரெண்டாவதையும் தாண்டினாள். ஒருமுறை தண்ணீர் மேல் ட்ரோன் வழுக்கியது; "வலது, வலது, பிடி" என்றான், பிடித்தாள். சுவரில் மோதாமல் மயிரிழையில் தப்பியது.

மூன்றாவது விலாவையும் தாண்டியபோதுதான் அவளுக்கு அது உறைத்தது.

அவன் மூலையில் உட்கார்ந்திருக்கிறான். ட்ரோன் தட்டுக்குக் கீழே, மூன்று சுவர்களுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. திரை அவள் நெஞ்சுக்கு முன்னால் இருக்கிறது. அவனால் ட்ரோனைப் பார்க்க முடியாது. திரையையும் பார்க்க முடியாது.

"ரெண்டு சாண் இடது."

"உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"இடது."

தள்ளினாள். கை தானாகத் தள்ளியது. விளக்கு விலாவின் மறுபக்கத்தை நக்கிக்கொண்டு போய், சேற்றில் கிடந்த ஆரஞ்சுத் துணி மேல் விழுந்தது.

யாரோ விட்டுப்போன பழைய வேலைச் சட்டை என்றுதான் முதலில் நினைத்தாள். அதற்குக் கால் இருந்தது. முழங்காலில் ஒரு ஒட்டு இருந்தது. ஆரஞ்சு நூல் தீர்ந்துபோய், போன வாரம் அவளே பச்சை நூலில் தைத்த ஒட்டு. "கிளி மாதிரி இருக்கு" என்று அவன் யார்டு முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்த ஒட்டு.

ஒரு பக்கக் கன்னம் சேற்றில் புதைய அவள் புருஷன் கிடந்தான். வாயோரச் சேற்றில் ஒரு குமிழி வந்தது. உடைந்தது. இன்னொன்று வந்தது.

உயிர் இருக்கிறது.

மேலே ஓட வேண்டும். மூச்சு முகமூடி மேலே இருக்கிறது, ஆட்கள் மேலே இருக்கிறார்கள். ஏணி பின்னால் இருக்கிறது. ஏணியடியில்.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. குச்சியிலிருந்து விரலை எடுத்தால் ட்ரோன் வழுக்கித் தண்ணீரில் விழும், அவன் மேலிருக்கும் ஒரே வெளிச்சமும் போய்விடும். அதுவும் ஒரு காரணம்தான். பின்னால் இருப்பதைப் பார்க்க வேண்டியிருக்குமே என்பது இன்னொன்று.

பின்னால் மூச்சுச் சத்தம் இல்லை. இவ்வளவு நேரமும் இருந்ததா என்று யோசித்தாள். இல்லை. ஒருமுறைகூட இல்லை.

மேலே தொட்டி மூடியருகே காவலுக்கு 'ரேடியோ' இருந்தான். வாய் மூடாத மனிதன் என்பதால் அந்தப் பெயர். ஆபத்தென்றால் இரும்பை மூன்று முறை தட்ட வேண்டும் என்பது தொட்டிக்காரர் வழக்கம். பூட்ஸ் குதிகாலைத் தூக்கி ஓங்கி மிதித்தாள். ஒன்று. ரெண்டு. மூன்று. தொட்டி முழுக்க முழங்கியது.

"என்னப்பா சாண்?" ரேடியோவின் குரல் கிணற்றுக்கு மேலிருந்து வருவது போல வந்தது. "புருஷன் பொண்டாட்டி சண்டையா? இரும்பு என்ன பாவம் பண்ணுச்சு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அவள் பின்னாலிருந்து பதில் போனது. அவன் குரலில். அவன் சிரிப்போடு.

"ஒண்ணுமில்லப்பா. கால் மரத்துப்போச்சாம், உதறுறா."

"அண்ணே!" என்று அலறினாள். "அண்ணே, ஆள் கீழ..."

ட்ரோனின் இரைச்சலும் எதிரொலியும் சேர்ந்து அதை மென்று ஒரு ஊளையாக்கித் துப்பின. மேலே ரேடியோ சிரித்தான். "விடு தங்கச்சி, வீட்டுக்குப் போய் அடிச்சுக்க. நான் ஒரு டீ போட்டுட்டு வந்துடறேன்."

செருப்புச் சத்தம் தளத்தில் தேய்ந்து போனது.

அப்புறம் ட்ரோனின் இரைச்சல் மட்டும்.

"ரெண்டு சாண் இடது" என்றது குரல்.

திரையில் அவன் உதடுகள் அசைந்தன.

அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியவில்லை. இமைத்து இமைத்துப் பார்த்தாள். சேறு ஒட்டிய உதடுகள். மெல்ல. மிக மெல்ல.

"மேல ஒரு சாண்."

உதடுகள் அதையே சொன்னன. பின்னால் கேட்ட ஒவ்வொரு சொல்லும் கீழே அந்த வாயில் உருவானது. கண் மூடிக் கிடந்தவன், நினைவு போன பிறகும், அவளுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான். பழக்கம். அவ்வளவுதான். உள்ளே எங்கேயோ அவள் இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தாள், அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போதும்" என்றது குரல். உதடுகள் குவிந்தன. "போதும்."

"இதோ வர்றேங்க" என்று திரையிடம் சொன்னாள். "பேசிக்கிட்டே இருங்க. நிறுத்தாதீங்க. பேசுங்க."

குமிழி ஒன்று வந்தது. பெரியது. உடைந்தது.

இன்னொன்று வரவில்லை.

காத்திருந்தாள். உதடுகள் பாதி திறந்தபடி நின்றன. அந்தப் பாதியில் சேற்றுத் தண்ணீர் மெல்ல ஏறி, உள்ளே போனது. வெளியே வரவில்லை.

கீழே இருமல் இல்லை.

"முன்னால" என்றது குரல்.

உதடுகள் அசையவில்லை.

"முன்னால ஒரு சாண், தும்பி."

அவள் விரல் தள்ளவில்லை. தள்ள இடமில்லை. ட்ரோனுக்கு முன்னால் இரும்புச் சுவர்தான் இருந்தது. திரையில் தூரம் காட்டும் கோடு எப்போதோ சிவந்துவிட்டிருந்தது. ட்ரோனுக்கு முன்னால் போக வழியே இல்லை.

அப்படியானால் அது ட்ரோனுக்குச் சொல்லவில்லை.

மெதுவாகக் கீழே பார்த்தாள்.

நான்கைந்து சாண் தள்ளி நின்றவள். அவன் முன்னால் என்று சொல்லும்போதெல்லாம் ஒரு எட்டு வைத்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும். துளை காலடியிலேயே வாயைத் திறந்திருந்தது. பூட்ஸின் முனை விளிம்புக்கு வெளியே நின்றது. உள்ளிருந்து அந்த வாடை, நாக்கில் படும்படி, வெதுவெதுப்பாக.

பின்னால் ஈர பூட்ஸ் ஒன்று தட்டில் பதிந்தது. இன்னொன்று.

அவள் முதுகில், பிடரிக்குக் கீழே, ஒரு கட்டைவிரல் ஊன்றியது. சில்லென்றிருந்தது. மற்ற விரல்கள் அவசரமில்லாமல் விரிந்து, சுண்டுவிரல் வரை, அளவு பார்த்துப் படிந்தன.

"இன்னும் ஒரு சாண்" என்றான்.