சாட்சித் துண்டு

கண்ணாடியில் எது பழுப்பாக வரவேண்டுமோ அது நீலமாக இருந்தது. நீலமாக இருக்கும் என்று நினைத்தது பழுப்பாக வந்திருந்தது. ஸ்லைடைத் திருப்பி வைத்துவிட்டோமோ என்று ஜெபிஷா அதை எடுத்து, எண் எழுதிய ஓரத்தைப் பார்த்து, துடைத்து, மறுபடியும் மைக்ராஸ்கோப்புக்குக் கீழே தள்ளினாள். இல்லை, முதலிலேயே சரியாகத்தான் வைத்திருந்தாள்.

விஷயம் இவ்வளவுதான். ஒரே கண்ணாடியில் இரண்டு சதைத் துண்டுகள் ஒட்டியிருக்கும். ஒன்று நோயாளியுடையது. மற்றது, சாயம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கான சாட்சித் துண்டு. லேபில் கன்ட்ரோல் என்பார்கள். தேடுகிற பொருள் சதையில் இருந்தால் பழுப்பு ஏறும், இல்லாவிட்டால் வெறும் நீலம். சாட்சிக்குப் பழுப்பு ஏறியே தீரவேண்டும், ஏறாவிட்டால் அந்த ஸ்லைடை நம்பவே கூடாது. இங்கே என்னடாவென்றால், முப்பது வருஷம் மெழுகுக்குள் கிடந்து மரத்துப்போன, எந்தச் சாயத்துக்கும் அசைந்து கொடுக்காத கிழட்டுத் துண்டு சுக்குக்காப்பி நிறத்தில் ஜொலிக்கிறது. சாட்சித் துண்டு வெளுத்துப்போய்க் கிடக்கிறது.

வெளியே அல் குசைஸ் வட்டாரம் முழுக்கப் பாலைவனப் புழுதிக்காற்று. நடுப்பகலிலேயே வெளிச்சம் செத்து, ஜன்னல் கண்ணாடியில் மணல் சரசரவென்று தேய்த்துக்கொண்டிருக்க, ஏசியின் ரீங்காரமும் குழாய் சொட்டுகிற சத்தமும் மூக்கை அரிக்கிற மருந்து நெடியும் சேர்ந்து அந்தச் சின்ன லேபை ஒரு மூடிய பெட்டியாக ஆக்கியிருந்தன. வழக்கமாக அந்த நெடி அவளுக்குத் தெரிவதேயில்லை. இன்று தெரிந்தது.

"அடிபொளி, ஜெபிஷா!" டாக்டர் ராஜீவ் கண்ணை எடுக்காமலே கத்தினார். பாவம், சதை பதித்த பழைய மெழுகு பிளாக்குகளோடு வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த மனுஷன். முசஃபா தொழிற்பேட்டையில் வெல்டிங் செய்தவன், லாரி ஓட்டியவன், செங்கல் சுமந்தவன் என்று எத்தனையோ பேர் என்றைக்கோ ஆஸ்பத்திரிக்கு வந்து கொடுத்துவிட்டுப்போன சதை அது. சிலர் ஊருக்குப் போனார்கள், சிலர் பெட்டியில் போனார்கள். அவர்களுக்கு என்ன நோய் என்று இன்றைய சாயத்தை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது டாக்டரின் ஆராய்ச்சி.

"கன்ட்ரோல் போயிடுச்சே டாக்டர்."

"இன்னிக்கு டபுள் நேரம் வேக வெச்சோம்ல, அது ஓவரா வெந்திருக்கும். பழசு பிடிச்சிருச்சு, அதான் வேணும். இதே மாதிரி அடுத்த பேட்ச் போடு. யல்லா, சீக்கிரம்."

வேகவைப்பது என்றால் சும்மா சொல்வதில்லை. வீட்டில் பருப்பு வேகிற அதே குக்கர்தான். உப்புநீரை ஊற்றி, ஸ்லைடுகளை அடுக்கி, மூடிவிடுவார்கள். அந்தச் சூட்டில்தான் பழைய சதை இளகிச் சாயத்துக்கு வழிவிடும். ஜெபிஷா டிராயரைத் திறந்து தன்னுடைய சாட்சி பிளாக்கை எடுத்தாள். அதைப் பற்றி டாக்டருக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது.

அது அவள் மகள் ஆன்சியின் நஞ்சுக்கொடி.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே ஆஸ்பத்திரியில்தான் பிள்ளை பிறந்தாள். குறைமாசம் என்று நஞ்சுக்கொடியைச் சோதனைக்கு அனுப்பினார்கள், மிச்சத்தை எரிக்கப் போனார்கள். சாட்சித் துண்டுக்கு அதைப்போல நல்ல சதை கிடைக்காது. சொந்த ஊர் குளச்சலில் என்றால் நாய் தோண்டாத ஆழத்தில் புதைத்து மேலே கல்லைத் தூக்கி வைத்திருப்பார்கள். இவள் விரல்நுனி அளவு வெட்டி, மெழுகில் பதித்து வைத்துக்கொண்டாள். கேட்காமல் எடுத்தது, தெரிந்தால் வேலையும் போகும் விசாவும் போகும். ஆனாலும் மனசுக்குள் ஒரு பெருமை: நோயாளிக்கெல்லாம் பக்கத்தில் என் பிள்ளையாக்கும் சாட்சி நிற்கிறாள் என்று. பெற்றவளின் அசட்டுப் பெருமை, வேறென்ன.

அடுத்த பேட்சில் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு கண்ணாடியிலும் பழைய துண்டு ஒன்று, பக்கத்தில் ஆன்சி ஒன்று. குக்கர் ஏறி, வெயிட் ஆடத் தொடங்கியபோது போன் அடித்தது. பக்கத்து ஃபிளாட் பானுமதி. ஜெபிஷாவின் புருஷன் ஜெயசீலன் எண்ணெய் ரிக்கில் கடலோடு கிடப்பதால், ஸ்கூல் லீவில் ஆன்சியைப் பார்த்துக்கொள்வது அவள்தான்.

"ஏம்மா ஜெபி, பிள்ளை உடம்பு கொதிக்குது. தெர்மாமீட்டர்ல ஒண்ணும் காட்டல. காலையிலயும் கொஞ்ச நேரம் இப்படித்தான் இருந்துச்சு, தானா விட்டிருச்சு. உன்னைப் பயமுறுத்த வேணாம்னு சொல்லல."

"ஏசி ஓடுதா எக்கா?"

"ஃபுல்லா ஓடுது. சூடா இருக்கு, தண்ணி தாங்கன்னு அழுவுறா. இரு... என்னமோ உங்கிட்ட சொல்லணுமாம்."

மூச்சுச் சத்தம் கேட்டது. அப்புறம் ஆன்சி, ரகசியமாக: "அம்மா, மார்னிங் வந்த அங்கிள் மறுபடி வந்திருக்கார். ரொம்ப க்ளோஸா நிக்கிறார்."

"எந்த அங்கிள் மக்களே?"

"தெரியல. மை ஹேண்டைப் பிடிச்சிருக்கார்."

காய்ச்சலில் பிள்ளைகள் உளறுவது உண்டு. பானுமதியிடம் மருந்து கொடுக்கச் சொல்லிவிட்டு ஜெபிஷா போனை வைத்தாள். நேரம் ஆனதும் குக்கரை இறக்கி, ஆவி அடங்கவிட்டு, மூடியைத் திறந்தாள். உப்பு நெடிதான் வரவேண்டும். வந்தது வேறு மணம். குளிப்பாட்டித் துண்டில் சுற்றித் தூக்கிய பிள்ளையின் உச்சந்தலை மணம், ஈரமும் சோப்பும் பாலுமாக.

சாயம் ஏற்றினாள். முதல் ஸ்லைடைப் பார்த்தாள். பழைய துண்டு முழுக்கப் பழுப்பு, சாட்சித் துண்டு நீலம். இரண்டுக்கும் நடுவே வெறும் கண்ணாடி இருக்கவேண்டிய இடம். அங்கே எதுவும் இருக்கக்கூடாது, இருக்கவும் முடியாது.

அங்கே ஒரு கோடு இருந்தது.

பெரிதாக்கினாள். ஒன்றன்பின் ஒன்றாகப் பழுப்புச் செல்கள். ஆன்சியின் துண்டிலிருந்து கிளம்பி, வெற்றுக் கண்ணாடியைக் கடந்து, கிழட்டுச் சதைக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. இரண்டாவது ஸ்லைடிலும் அப்படியே. மூன்றாவதிலும். பழைய சதைக்குச் சாயம் பிடிக்கவில்லை. அது பக்கத்தில் இருந்ததைக் குடித்திருந்தது.

காலையில் ஒரு ஸ்லைடு வெந்தபோது ஒருவர் வந்திருக்கிறார். இப்போது பன்னிரண்டு.

"ஐயோ, என் பிள்ளையே!"

டாக்டர் திரும்பிப் பார்த்தார். "என்னாச்சு?"

சொல்லியிருக்கவேண்டும். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கவேண்டும். வேலையாவது மண்ணாவது. ஆனால் பயந்த நேரத்தில்கூட விசா ஞாபகம் வருகிறது பாருங்கள், அதுதான் வளைகுடாப் பிழைப்பு. "வீட்டுல அவசரம் டாக்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

ரோட்டில் எதிரே வருகிற ஆள் தெரியவில்லை. மணல் பல்லில் நெரிந்தது. அரைமணி நேரம் கைகாட்டியும் டாக்ஸி எதுவும் நிற்கவில்லை. தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டு, மாதாவே மாதாவே என்று சொல்லிக்கொண்டே மூன்று தெருவைக் கடந்தாள். பானுமதிக்கு அடித்தாள். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுத்தார்கள். பேச்சில்லை. நிறைய பேர் நெருக்கியடித்து நிற்கிற இடத்தில் கேட்குமே, துணியும் துணியும் உரசுகிற சத்தம். அது மட்டும்.

லிஃப்டில் ஏறும்போதுதான் உறைத்தது. சாட்சி பிளாக் லேபில் இருக்கிறது. மேசைமேல். டாக்டருக்குப் பக்கத்தில்.

மாடி வந்தது. காரிடாரில், சுவரோரமாகப் பானுமதி உட்கார்ந்திருந்தாள். கையை நீட்டித் தன் வீட்டு வாசலைக் காட்டினாள்.

கதவு திறந்தே கிடந்தது.

ஹால் நிறைய ஆட்கள். சட்டை, தோல், கண், தலைமுடி எல்லாம் ஒரே சுக்குக்காப்பி நிறம். சத்தமில்லை. ஒருவன் லேசாகத் திரும்பினான். திரும்பியபோது காணாமல் போனான். பக்கவாட்டில் அவனுக்குக் கனமே இல்லை, காகிதத்தைவிட மெல்லிசு. மறுபடி திரும்பினான், இருந்தான்.

நடுவில் ஆன்சி. சோஃபாவில். ஒவ்வொருவனும் ஒரு விரலை அவள்மேல் வைத்திருந்தான். அவ்வளவுதான். ஒரே ஒரு விரல். பிள்ளை நீலமாக இருந்தாள், வெளிறிய நீலம். அவளுக்குப் பின்னால் இருந்த சோஃபா விரிப்பின் பூக்கள் அவள் வழியாகவே தெரிந்தன.

"அம்மா," என்றாள். உதடு அசைந்தது. சத்தம் கொஞ்சம் பிந்தி வந்தது.

ஜெபிஷா போனை எடுத்தாள். "டாக்டர், அந்தக் கன்ட்ரோல் என் பிள்ளையோடதாக்கும். நஞ்சுக்கொடி. நான்தான் எடுத்தேன். வேலையை விட்டுத் தூக்குங்க, போலீஸ்ல சொல்லுங்க, அதை மட்டும் போடாதீங்க. உங்க காலைப் பிடிக்கேன்."

"என்ன சொல்றே ஜெபிஷா?" பின்னால் ஆவி சீறுகிற சத்தம். "நீ போனதும் உன் கன்ட்ரோல்ல மிச்சம் இருந்ததை எல்லாம் நானே வெட்டிப் பழசுங்களோட ஏத்திட்டேனே. மூணு குக்கர். இப்பத்தான் மூடியைத் திறக்கறேன்."

காரிடாரில் லிஃப்ட் மணி அடித்தது.

லிஃப்ட் கதவு விலகியது. துணியோடு துணி உரசியது. அதே நிறத்தில் புது ஆட்கள் ஒவ்வொருவராக அவளைத் தாண்டி உள்ளே போனார்கள், யாரும் அவளை இடிக்கவில்லை. ஹாலில் முன்பே நின்றவர்கள், வருகிறவர்களுக்கு இடம் கொடுக்க, ஆன்சியை இன்னும் நெருங்கி நின்றார்கள்.