அழித்த ஜன்னல்

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நேரத்தில், விளக்கைப் போட்டுக்கொண்டு படுக்கையறைச் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தார் ஆர்க்கிடெக்ட். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். இத்தனை கட்டடம் வரைந்தவரின் படுக்கையறைக்கு ஜன்னல் இல்லை. ஒவ்வொரு மாடியிலும் கூடுதலாக ஒரு வீட்டை அடக்குவதற்காக, வரைபடத்தில் அவரே அழித்த ஜன்னல். அந்தச் சாமர்த்தியத்துக்குப் பில்டர் பரிசாகக் கொடுத்ததுதான் இந்த வீடு.

துடைக்கத் துடைக்கச் சுவர் கசிந்தது. தண்ணீராக இருந்தால் பிளம்பரைக் கூப்பிடலாம். இது வெதுவெதுப்பாக, வழவழப்பாக, பல நாள் கழற்றாத கைக்கடிகாரப் பட்டைக்கு அடியில் அடிக்குமே ஒரு நாற்றம், அந்த நாற்றத்தோடு விரலிடுக்கில் நூலாக இழுபட்டது.

"அதுக்கு வேர்க்குதுங்க," என்றாள் கட்டிலில் கிடந்த மனைவி.

"சுவருக்கா?"

"காத்தில்லாம அடைச்சு வெச்சா யாருக்குத்தான் வேர்க்காது? ஒரு ஜன்னல் வரைஞ்சிருந்தா குறைஞ்சா போயிருப்பீங்க?"

"ஏர்கூலர் வாங்கித் தரேன்மா."

"காத்து கேட்டா டப்பா வாங்கித் தராராம்." சிரிக்கப் போனவள் இருமினாள். பழைய வீட்டில் ஜன்னலோரம் நின்றே தெரு முழுவதையும் சொந்தமாக்கிக்கொண்டவள். இங்கே பக்கத்து வீட்டுக்காரி முகம்கூடத் தெரியாது. "என்னை அம்மா வீட்டுல விட்டுடுங்க. இங்க இருந்தா செத்துடுவேன்."

"இந்த ஒரு வாரம் பொறுத்துக்கோ."

சமையலறையில் துணியைப் பிழிந்தார். தொட்டியில் குட்டை குட்டையாக முடி விழுந்தது. ஒவ்வொன்றிலும் வெள்ளை வேர். குழாயை முழுசாகத் திறந்துவிட்டார்.

உள்ளே அவள் யாருடனோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பழைய வீட்டுச் சிரிப்பு.

ஓடினார். ஜன்னலை அழித்த அதே இடத்தில், கன்னத்தைச் சுவரில் வைத்து நின்றிருந்தாள்.

"இங்க காத்து வருதுங்க."

தொட்டுப் பார்த்தார். பெயின்ட் இல்லை. தோல். விரல் பட்ட இடத்தில் அதற்குப் புல்லரித்தது.

"வாம்மா. அம்மா வீட்டுக்குப் போயிடலாம். இப்பவே."

தோளைப் பிடித்து இழுத்தார். தோள் வந்தது. கன்னம் வரவில்லை. நீண்டது. பிசின் போல.

சுவர் பிளந்தது. மேலுதடு. கீழுதடு. புளித்த மூச்சு. அந்தக் காற்றில் அவள் நெற்றி முடி அசைய, கண்ணை மூடிச் சுகமாக உள்ளே இழுத்தாள்.

எட்டிப் பார்த்தார்.

ஈரத்துக்குள், மாடி மாடியாக, ஒட்டிக்கொண்ட கன்னங்கள். ஒன்று மட்டும் சளக்கென்று பிரிந்து அவர் பக்கம் திரும்பியது.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. காத்தை மறைக்கிறீங்க."