முப்பத்தொரு காய்கள்

காலை 7.10. திருச்சிக்கு வெளியே இருந்த அந்த விதைப் பண்ணையில் மஞ்சள் தேமல் நோய் உளுந்து வயலை மொத்தமாகத் தின்று தீர்த்திருந்தது. நடுவே ஒரே ஒரு செடி பச்சையாக நின்றது. நேற்று மாலை அதில் முற்றிய காய்கள் முப்பத்தொன்று இருந்தன. இப்போது ஒன்றுகூட இல்லை. செடியின் எண் எழுதித் தண்டில் கட்டியிருந்த டேக்கும் இல்லை.

விஞ்ஞானி வெங்கட்ராகவன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். வறட்சிக்கும் நோய்க்கும் அசராத ஓர் உளுந்துக்காக ஒன்பது வருடம் மாடாய் உழைத்தவர். அந்த விதையோடு நாளை மறுநாள் ஹைதராபாத்துக்கு மாற்றலாகிப் போவதாக இருந்தார்.

8.30. இன்ஸ்பெக்டர் பூரணி வந்தார். நேற்று மாலை ஐந்துக்குப் பிறகு வயலில் இறங்கியவர்கள் மூன்றே பேர். விதைக் கம்பெனி ஏஜென்ட் சித்தார்த் போட்டோ எடுத்ததாகச் சொன்னான். காவலாளி பாலு ஆடு விரட்டியதாகச் சொன்னார். ஆராய்ச்சி உதவியாளர் சுபலட்சுமி, வழக்கம்போல் குறிப்பெடுக்கப் போனேன் என்றாள்.

"டேக்கை எதுக்குங்க எடுக்கணும்?" என்று கேட்டார் பூரணி.

"எந்தச் செடின்னு தெரியாம இருக்கத்தான்" என்றார் பாலு.

பூரணிக்குச் சிரிப்பு வந்தது. வயலே மஞ்சளாகக் கிடக்க, பச்சைச் செடியை ஒளித்துவைக்க முடியுமா?

9.45. மஞ்சளான மற்ற செடிகளில் மிஞ்சிய காய்களைப் பதிவுக்காகப் பறித்துக்கொண்டிருந்தார்கள். பூரணி சும்மா நின்று பார்த்தார். சுபலட்சுமி குனிந்து முதலில் டேக்கை அவிழ்த்துக் காகிதக் கவரில் போட்டாள். அப்புறம்தான் காய். அடுத்த செடியிலும் அப்படியே. கை தானாகப் போனது.

பூரணி அவளையும் வெங்கட்ராகவனையும் தனியே அழைத்தார்.

"எடுத்தது நீங்கதாங்க. திருடுறவனுக்குக் காய் போதும். டேக் இல்லாம காயைக் கவர்ல போட உங்க கைக்கு வராது."

சுபலட்சுமி கைப்பையிலிருந்து கவரை எடுத்து நீட்டினாள். உள்ளே வெங்கட்ராகவனின் கையெழுத்தில் டேக். முப்பத்தொரு காய்களும் பத்திரமாக இருந்தன.

வெங்கட்ராகவனுக்குக் கோபம் தலைக்கேறியது. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார்.

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "விதை இல்லேன்னா மறுபடி தேடுவீங்க. இன்னும் ஒரு பட்டம் விதைச்சு முடிக்கிற வரைக்கும் இங்கயே இருப்பீங்கன்னு நினைச்சேன் சார்."

ஒன்பது வருடத்தில் அவர் ஒருநாளும் யோசித்திராத விஷயம் அது. கவரை வாங்கிக்கொண்டார். புகார் வேண்டாம் என்று பூரணியிடம் மெல்லச் சொன்னார்.

மாலை 5.40. ஸ்ரீரங்கம் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. தினமும் வேலை முடிந்து திரும்பும்போது வெங்கட்ராகவன் உட்காரும் பக்கத்து இடத்தில் சுபலட்சுமி தன் பையை வைத்திருந்தாள். யாரோ வந்து கேட்டதும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.