பொய்ப்பூமியின் நிபந்தனைகள்

செவ்வாயின் ஏழாம் குகையில் விடுமுறை என்றால், சூரியன் குறுக்கே வந்து நிற்கிறது என்று அர்த்தம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் அது புகுந்துகொள்ளும். அந்த இரண்டு வாரம் இங்கிருந்து ஒரு சொல் போகாது, அங்கிருந்து ஓர் உத்தரவும் வராது. உத்தரவில்லாமல் சுரங்கத்தில் ஒரு கல்லைக்கூடப் பெயர்க்கக் கூடாது என்பது விதி. ஆகவே எல்லோரும் குளித்து, நல்ல உடுப்பு மாட்டி, ஆசையாக வாங்கி வைத்த விளையாட்டுகளின் முன்னால் உட்காருவார்கள். உட்கார்ந்தே இருப்பார்கள். எந்த விளையாட்டும் திறக்காது.

ஏன் திறக்காது? இந்தக் கூத்தைக் கேளுங்கள். விளையாட்டைச் செய்தவன் ஒருத்தன். காசு வாங்கிக்கொண்டு விற்றவன் இன்னொருத்தன். இரண்டு பேரோடும் ஒட்டும் உறவும் இல்லாத மூன்றாவது ஒருத்தன் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறான். அவன் பெயர் வாயிலி. அவனிடம் தனியாகக் கணக்குத் திறந்து, ஒவ்வொரு முறையும் ‘நான்தான் நான்’ என்று நிரூபித்தால்தான் உள்ளே விடுவான். அதைச் சரிபார்க்கிற இயந்திரமோ பூமியில் இருக்கிறது. வேலை நாளில் பதில் வரும், விளையாட நேரம் இருக்காது. விடுமுறையில் நேரம் இருக்கும், பதில் வராது.

பூரணவல்லிக்கு இது வெறும் விளையாட்டுச் சமாசாரம் இல்லை. அவளுக்குப் பகல் வேலை, காற்றுக்குழாயின் தூசி வடிகட்டிகளைக் கழுவுவது. புருஷன் மருதமுத்துவுக்கு இரவு வேலை, துளைக்கருவி ஓட்டுவது. ஒருவர் எழும்போது மற்றவர் படுப்பார். கல்யாணமாகி இருவரும் சேர்ந்து விழித்திருந்ததெல்லாம் சூரியமறைவு என்கிற இந்த இரண்டு வார விடுமுறையில்தான். அதற்காகவே ‘உப்பங்கழி’ என்ற விளையாட்டை வாங்கினாள். ஒருவர் துடுப்புப் போட, ஒருவர் சுக்கான் பிடிக்க, மழையில் படகு போகும். தனியாக ஆட முடியாது. போன மறைவில், கண்ணுக்குள் படம் காட்டும் நெற்றித்திரையில் ‘சரிபார்க்கிறோம், காத்திருக்கவும்’ என்ற வரியைப் பார்த்தபடியே நாட்கள் போய்விட்டன. பேசிக்கொண்டிருந்திருக்கலாமே என்பீர்கள். பேசினார்கள். இரண்டாம் நாளே சண்டை வந்துவிட்டது.

வேலை பங்கிடும் இயந்திரமான கங்காணியிடமும் அவள் போய்ப் பார்த்தாள்.

“இரவு ஆள் ஒருவர் உங்கள் பகல் வேலையை ஏற்கச் சம்மதித்தால், அவருடைய இடம் உங்களுக்கு, அம்மா” என்றது அது.

வடிகட்டி கழுவ எவன் சம்மதிப்பான்? அந்தத் தூசி மூக்கில் ஏறினால் வாரம் முழுக்கத் தும்மல்.

இந்தத் தடவை விடுவதில்லை என்று வல்லி முடிவு கட்டினாள். பழைய தொடர்புக்கருவி ஒன்றைப் பிரித்துப் போட்டு, வாயிலி கேட்கும் கேள்வியையும் பூமி சொல்லும் பதிலையும் வேலை நாட்களிலேயே பதிந்துவைத்தாள். ஒரு பெட்டி செய்தாள், எரிந்துபோனது. இன்னொன்று செய்தாள், அது வாயிலியிடமே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. விரல் நுனியெல்லாம் கொப்புளம்.

“உனக்கு எதுக்கு வல்லி இந்த வேண்டாத வேலை?” என்றான் மருதமுத்து.

“காசு குடுத்து வாங்கியிருக்கேங்க. என் வீட்டுக்குள்ள நான் போறதுக்கு எவனோ வந்து தாழ்ப்பாள் திறக்கணுமா? அதையும் பாத்துடுறேன்.”

மறைவு தொடங்கிய காலை, மூன்றாவது பெட்டி பேசியது. வாயிலி ‘யார்?’ என்று கேட்டான். ‘நம்ம ஆள்தான், விடு’ என்று பூமியின் குரலிலேயே பதில் போனது. உப்பங்கழி திறந்துகொண்டது. மழை! வல்லி சந்தோஷத்தில் கத்தியே விட்டாள். பெட்டிக்குப் பொய்ப்பூமி என்று பெயர் வைத்தாள்.

ஒரு பந்தயம் முடிந்ததும் மருதமுத்துவின் முகம் சுருங்கியது. “நாம ஜெயிச்சது யாருக்குத் தெரியும்? அது பேரே கேக்கலையே.”

இவன்தான் இப்படி என்றால், இனாமாகக் கொடுத்தும் குகையில் ஒருவரும் பெட்டியைத் தொடவில்லை. “பேரு கேக்கல, ரகசியச் சொல் கேக்கல. சும்மா திறந்துவிடுதுன்னா உள்ள ஏதோ வில்லங்கம் இருக்கு தங்கச்சி” என்றான் பக்கத்து அறை மச்சக்காளை. இவனும் இரவு வேலைக்காரன், இலவசம் என்றால் வரிசையில் முதல் ஆள். அவனே போய்த் திறக்காத வாயிலியின் முன்னால் நிம்மதியாக உட்கார்ந்துகொண்டான்.

வல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “கேக்கணுமா? கேக்குறேன்டா!”

பொய்ப்பூமிக்கு ஒரு முகப்புச் செய்தாள். பெயர், பிறந்த நாள், ரகசியச் சொல், எல்லாம் கேட்டது. வாயிலியின் நிபந்தனைகளை அப்படியே எடுத்துப் போட்டு, நடுவில் தன் பங்குக்கு ஒரு வரி செருகினாள்: ‘இரவு ஆட்களில் இதை முதலில் அழுத்துபவர், பூரணவல்லியின் பகல் வேலையை அடுத்த சூரியமறைவுவரை ஏற்கிறார்.’ கீழே பெரிய பொத்தான்: ஒத்துக்கொள்கிறேன்.

மச்சக்காளையை மனதில் வைத்துக்கொண்டு, குகை முழுவதையும் அழைக்க ஓடினாள். வந்தவர்கள் எல்லோரும் அழுத்தினார்கள். ஒருவர் நெற்றித்திரையிலும் நிபந்தனை ஒரு கண் சிமிட்டும் நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. “இப்பத்தான் நம்பிக்கையா இருக்கு” என்றான் மச்சக்காளை.

இரண்டு வாரமும் குகையில் மழைதான். கடைசிப் பந்தயத்தில் துடுப்பை வலித்துக்கொண்டே வல்லி சொன்னாள்: “நாளையிலிருந்து நானும் இரவுதாங்க. உங்ககூடவே.”

“எப்படி?”

“வந்து பாருங்க.”

இருவரும் கங்காணியின் முன்னால் போய் நின்றார்கள். அது நிபந்தனைகளை முழுவதும் வாசித்தது. செவ்வாயில் அதை வாசித்த முதல் ஆசாமி அதுதான்.

“ஒப்பந்தம் செல்லும், அம்மா. உங்களுக்கு இரவில் இடம் கிடைத்துவிட்டது.”

“மச்சக்காளை இடந்தானே?” வல்லிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“இல்லை. முதலில் அழுத்தியவர் மருதமுத்து. நாளை காலை முதல் அவர் வடிகட்டி கழுவ வேண்டும். அவருடைய துளைக்கருவி உங்களுக்கு.”

வல்லி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீ ஆட்களைக் கூப்பிடப் போனியே, அப்ப வேலை செய்யுதான்னு சும்மா அழுத்திப் பாத்தேன்...”

“அவரு படிக்கவே இல்லையே!” என்று கங்காணியிடம் கத்தினாள் வல்லி.

“படித்தாரா என்று நான் கேட்பதில்லை அம்மா. அழுத்தினாரா என்றுதான் கேட்பேன். அடுத்த சூரியமறைவில் மாற்றிக்கொள்ளலாம்.”

வல்லியின் கண் நிறைந்துவிட்டது. “ஒரு வரிங்க. ஒரே ஒரு வரி. அதைப் படிச்சிருக்கக் கூடாதா?”

“மத்தவன் எழுதினதா இருந்தா படிச்சிருப்பேன் வல்லி” என்று ஒரு பெரிய பொய்யைச் சொன்னான் மருதமுத்து. “நீ எழுதினதாச்சே. அதைப் போயி யாராவது படிப்பாங்களா?”