நடையறி பூட்டு

கார் நான்காவது முறையாகச் சென்னியப்பனைத் திருடனாக்கியது.

"அந்நியர் விலகி நிற்கவும்" என்று பெண்குரலில் மரியாதையாகத்தான் சொன்னது. ஆனால் பணிமனை வாசலில் நின்ற போலீஸ்காரர் மீசைக்குள் சிரித்ததை அவர் பார்த்துவிட்டார். மூன்று நூற்பாலைகளின் முதலாளி, சொந்தக் காரிடம் இப்படிப் பேச்சு வாங்கினால் கோபம் வராமல் என்ன செய்யும்?

பூட்டுப் பரிசோதகி வளர்மதிக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. காலையிலிருந்து அவர் அவளை "ஏ" என்றும் "இந்தா" என்றும்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நாட்டில் சாவி ஒழிந்து பன்னிரண்டு வருடமாகிவிட்டது. காரின் நெற்றியில் ஓர் அலைநோக்கி இருக்கும். வருகிறவரின் ஒவ்வோர் அடியின் நீளம், இடுப்பின் அசைவு, குதிகாலின் அழுத்தம் எல்லாவற்றையும் அளந்து, தெரிந்த நடை என்றால் பத்தடி தூரத்திலேயே கதவைத் திறந்துவிடும். சாவியைத் திருடலாம், நடையைத் திருட முடியாது. அந்தத் தைரியத்தில் அரசாங்கம் ஆர்.சி. புத்தகத்தையே தூக்கிப்போட்டது. பூட்டு யாருக்குத் திறக்கிறதோ அவரே உடைமையாளர் என்றது பூட்டுச் சாட்சியச் சட்டம். பூட்டின்மேல் சந்தேகம் வந்தால், பரிசோதகர் கையெழுத்திட்ட தாள்தான் கடைசிச் சொல்.

அந்தத் தாளுக்காகத்தான் சுவரோரம் ஒரு முக்காலியில் மாரப்பன் விலங்கோடு உட்கார்ந்திருந்தான். சென்னியப்பனுக்கு ஏழு வருடமாகக் காரோட்டுகிறவன். திங்கட்கிழமையிலிருந்து கார் அவனுக்கு மட்டுமே திறந்தது. அவன்தான் பூட்டை மாற்றிவிட்டான் என்று முதலாளி புகார் கொடுத்திருந்தார். 'கைவைக்கப்பட்டது' என்று வளர்மதி எழுதினால் அவனுக்கு ஏழு வருடச் சிறை.

அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பேட்டரி சரியாக இருந்தது. அலைநோக்கியில் தூசி இல்லை. பக்கத்துக் கோபுரத்தின் அலைகள் குழப்புகின்றனவோ என்று செம்புவலை அறைக்குள் காரைத் தள்ளிப் பார்த்தாள். அங்கேயும் அதே "அந்நியர்". கடைசியாக நடைப்பதிவுச் சில்லின் முத்திரை. யாராவது தொட்டிருந்தால் அது கறுத்துப்போகும். பால்போல வெள்ளையாக இருந்தது.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. புதுக்கார் எடுக்கிற அன்று சக்கரத்தில் எலுமிச்சை வைத்து, கற்பூரம் காட்டி, நல்ல நேரத்தில்தான் விற்பனைக்காரர்கள் நடையைப் பதிவுசெய்வார்கள். பூஜையில் எவன் ஷூ போட்டுக்கொண்டு நிற்பான்? கோயம்புத்தூரில் பாதிக் கார்களுக்கு முதலாளியின் வெறுங்கால் நடைதான் தெரியும். மற்றதை அவை பழகப் பழகக் கற்றுக்கொள்ளும். கற்காத கார்கள் போன மாதம் மட்டும் ஒன்பது வந்தன.

ஷூவைக் கழற்றிவிட்டு நடக்கச் சொன்னாள். அவர் கத்தினார். கத்தி முடித்துவிட்டு, மே மாதத்து மதிய வெயிலில், கொதிக்கிற சிமெண்டுத் தரையில் எட்டி எட்டி நடந்தார்.

"அந்நியர் விலகி நிற்கவும்."

வளர்மதி முழுப் பதிவையும் திரையில் திறந்தாள். ஏழு வருடத்தில் மாரப்பன் இந்தக் காரை நோக்கி நடந்து வந்தது பதினாறாயிரத்துச் சொச்சம் தடவை. சென்னியப்பன் நடந்து வந்தது நாற்பத்தொன்று. மற்ற நாளெல்லாம் கார் படிக்கட்டு வரைக்கும் வந்தது, கதவை ஒருவன் பிடித்துக்கொண்டு நின்றான், அவர் ஏறினார். ஏற்கெனவே திறந்துவிட்ட கார் யார் ஏறுகிறார் என்று பார்ப்பதில்லை.

போன வாரம் வரை இதில் சிக்கல் இல்லை. பூட்டுக்குள் ஐந்து நடைகளுக்கு இடம் இருந்தது. திங்கட்கிழமை ஒற்றைநடைப் புதுப்பிப்பு வந்தது. அதிகம் வந்த நடையை வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிட்டது. ஓட்டுநர்களும் வேலைக்காரர்களும் உரிமையாளர் பொருளில் புழங்குகிறார்கள், காரானாலும் வீடானாலும் ஒன்றுக்கு ஒரே நடைதான் என்று சட்டத்தில் சேருங்கள் என உடைமையாளர் சங்கம் கேட்டு வாங்கியது அது. அமைச்சருக்குப் பொன்னாடை போர்த்திய சங்கத் தலைவரின் படம் பேப்பரில் வந்திருந்தது. அந்தத் தலைவர்தான் இப்போது அவள் முன்னால் வெறுங்காலோடு நின்றார்.

அதை அவள் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள். அவருடைய குரல் முதல்முறையாகத் தணிந்தது.

"அம்மிணி, கைவெச்சிருக்கான்னு ஒரு வார்த்தை எழுதிக் குடு. இல்லீன்னா நாளைக்கு இந்த ஊர்ல எந்தப் பட்டறையிலயும் நீ இருக்கமாட்டே."

செய்யக்கூடியவர்தான். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. மாரப்பனைப் பார்த்தாள். அவன் கெஞ்சவில்லை, நீயும் அந்தக் கும்பல்தானே என்பதுபோல முறைத்தான்.

"நான் தொடலீங்க. தொட்டிருந்தா இவரை உள்ள வெச்சில்ல பூட்டியிருப்பேன்" என்றான்.

போலீஸ்காரர் காதில் விழவே இப்படிப் பேசுகிறவனுக்காக வேலையை இழக்க வேண்டுமா என்று எரிச்சலாக வந்தது. ஆனால் முத்திரை வெள்ளையாக இருந்தது. வெள்ளையைக் கறுப்பு என்று எழுதினால் பிறகு அவள் எதற்கு? 'பூட்டில் பழுதில்லை. கைவைக்கப்படவுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

போலீஸ்காரர் தாளைப் படித்துவிட்டு விலங்கைக் கழற்றினார். அதே மூச்சில், அடுத்தவர் வண்டியிலிருந்து பத்தடி தள்ளி நிற்கும்படி சென்னியப்பனிடம் சொன்னார். சட்டம் அப்படி.

அவர் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. அவருடைய மனைவி. கோயிலுக்குப் போய்விட்டு வந்து ஒரு மணி நேரமாக வாசலில் நிற்கிறாளாம், கதவு திறக்கவில்லையாம், பூட்டு அவளைப் பார்த்து விலகி நிற்கச் சொல்கிறதாம். கூட்டிப் பெருக்கிக் கோலம் போட ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அந்தக் கதவுக்கு நடந்தவள் வேலைக்காரி. திங்கட்கிழமையிலிருந்து அவளே திறந்துவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை; இன்று அவள் வரவில்லை.

"அவ வீடு எங்கே?" என்று இவர் கேட்டார். மனைவிக்குத் தெரியவில்லை. பெயரைக் கேட்டார். 'இந்தா புள்ளே' என்று கூப்பிட்டே ஆறு வருடம் ஓடிவிட்டதாக அந்த அம்மாள் அழுதாள்.

சென்னியப்பன் வளர்மதியிடம் திரும்பினார். உடனே வந்து வீட்டுப் பூட்டை உடைத்துத் தரச் சொன்னார்.

"அடுத்தவங்க வீட்டை நான் எப்படிங்க உடைக்கறது?" என்றாள் வளர்மதி. "அது இப்ப அந்தம்மா வீடு."

அவர் வேறு வழியில்லாமல், ஏழு வருடத்தில் முதல்முறையாக மாரப்பனிடம் ஒரு விஷயத்தைக் கேட்டார். மழை நாளில் அந்த வேலைக்காரியை இறக்கிவிட்டிருக்கிறானே, இடம் தெரியுமா என்று.

கார் அவனுக்காகத் திறந்துகொண்டது. உள்ளே உட்கார்ந்து, சாவகாசமாகக் கண்ணாடியை இறக்கினான்.

"பேரு வஞ்சிக்கொடி. உக்கடம் குளத்துக்குப் பின்னாடி நாலாவது சந்து" என்றான். "அதுக்குள்ள காரெல்லாம் போகாதுங்க. நீங்க நடந்துதான் போகோணும்."

கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கிளம்பினான். உக்கடத்துக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சென்னியப்பன் போலீஸ்காரரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.