முந்திச் சிரித்தவர்

அப்துல் காதர் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் இளங்கோவன் சிரித்துவிட்டார்.

ஆளுக்கொரு வீட்டில் உட்கார்ந்து வீடியோவில் பேசும்போது பிந்திச் சிரிப்பது சகஜம். நெட் இழுக்கும், குரல் உடையும், ஒருவர் சிரித்து ஓய்ந்த பிறகு இன்னொருவர் பல்லைக் காட்டுவார். ரோஸ்லினுக்கு அதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் காதர் இன்னும் பாதிக் கதையில் நிற்கும்போதே, போலாரத்து வீட்டில் இளங்கோவன் தோள் குலுங்கச் சிரித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். அதன் பிறகுதான் கதை முடிந்தது. மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் டீயைக் குடித்தார்.

மாதாப்பூர் அலுவலகத்தை மூடியபோது, தமிழ் வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதும் எட்டுப் பேரை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். குழுத் தலைவி ரோஸ்லின். ஆள் ஆளாகப் பிரிந்துபோய்விடக் கூடாது என்று அவள்தான் தினமும் நாலரை மணிக்கு டீ நேரம் வைத்தாள். எல்லாரும் டம்ளரோடு வர வேண்டும், கேமராவை அணைக்கக் கூடாது, வேலைப் பேச்சு கூடாது. வெள்ளிக்கிழமைகளில் ஒரு விளையாட்டு. சைனிக்புரியில் ஒரு பழைய ராணுவக்காரரின் மாடியில் தனியாக இருக்கும் அவளுக்கும் அன்றாடம் மனித முகம் பார்க்க அது ஒன்றுதான் வழி. கீழே வீட்டுக்காரர்கள் மகளைப் பார்க்கப் புனேவுக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது.

மறுநாள் இளங்கோவன், "பாத்து மேடம், சுடும்" என்றார். எதற்குச் சொல்கிறார் என்று அவள் நிமிர்ந்தபோது கை பட்டு டீ கொட்டியது. அதற்கடுத்த நாள், "காதர் வீட்ல கரண்ட் போச்சு" என்றார்.

"எங்கண்ணே போச்சு, ஃபேன் ஓடுது பாருங்க" என்று காதர் மேலே கை காட்டினான். இருபது எண்ணும் நேரம் கழித்து திரையில் அவன் கட்டம் கறுத்தது.

அவள் மேலாளர் பிரசன்னாவுக்குப் போன் செய்தாள். பிரசன்னா இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்; பேச்சில் உருது கலக்கும்.

"இளங்கோவன் சார் எல்லாத்துக்கும் முந்திக்கிறாரு சார். எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

"ஹவ், ஆமா, முந்துனா நல்லதுதானேமா. பிந்தி வர்றவனுங்களாலதான் எனக்குத் தலைவலி. பாரு ரோஸ்லின், ஒரு ஆள் கொறஞ்சாக்கூட உன் டீமே நக்கோ, வேணாம்னுடுவாங்க. அப்புறம் நீயும் நானும் வீட்ல உக்காந்து தனித்தனியா டீ குடிக்க வேண்டியதுதான்."

வியாழக்கிழமை இளங்கோவன், "அன்னக்கிளி, புள்ள எழுந்துட்டான் பாருங்க" என்றார். அன்னக்கிளி எட்டிப் பார்த்து, தூங்குகிறான் என்றாள். ரோஸ்லின் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். குழந்தை வீறிட்டபோது ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. இடைவெளி நாளுக்கு நாள் வளர்கிறது.

அன்று எல்லாரும் போனபின் அவருக்குத் தனியாக எழுத உட்கார்ந்தாள். எப்படிக் கேட்பது என்று யோசித்து, விரலை எழுத்துகளின் மேல் வைத்தாள். ஒரு எழுத்தும் அடிக்கவில்லை. பதில் வந்து நின்றது.

"எனக்கும் தெரியல மேடம். உங்களையெல்லாம் பாக்குறப்போ மட்டும்தான் இப்படி. நாளைக்கு நான் வரல, விட்டுடுங்க."

அவள் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆள் குறைந்தால் என்ற பிரசன்னாவின் பேச்சு காதில் கேட்டது. நாகர்கோவிலில் அவள் அனுப்புவதை நம்பி இருக்கும் அம்மா நினைவுக்கு வந்தாள். "கட்டாயம் வரணும் சார்" என்று எழுதினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்தே மழை. நாலரைக்கே வெளிச்சம் வற்றி, கொய்யா மரத்தின் நிழல் சுவரில் ஏறி வீட்டுக்குள் வந்துவிட்டது போல் இருந்தது. ஈரச் சுண்ணாம்பு வாசனை. கீழே பூட்டிய வீட்டில் எங்கோ ஒரு சொட்டு நிதானமாக விழுந்துகொண்டிருந்தது. அவள் மேசை ஜன்னலைப் பார்த்தது. முதுகுக்குப் பின்னால் மாடிப்படிக் கதவு, சமையலறை, கட்டில்.

இளங்கோவன் வந்திருந்தார். அவர் யாரையும் பார்க்காமல் தலை குனிந்திருந்தார். காதர் எதையோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான்.

நாலு நாற்பத்தொன்றுக்கு இளங்கோவன் நிமிர்ந்தார். திரையருகே முகத்தைக் கொண்டுவந்தார். எல்லாருடைய முகமும் அவர் முன்னால் இருந்தாலும், அவர் பார்ப்பது தன்னைத்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் வாய் மெல்லத் திறந்தது.

"சார்? என்ன தெரியுது?"

அவர் கண் நகர்ந்தது. அவளுடைய இடது தோளுக்குப் பின்னால், மாடிப்படிக் கதவில் நின்றது.

அவள் எழுந்து ஓடித் தாழ்ப்பாள் போட்டாள். நாற்காலி ஒன்றை முட்டுக் கொடுத்தாள். ஓடிப் போய்விடலாம். ஆனால் போக அந்தக் கதவு ஒன்றுதான் வழி. மடிக்கணினியை மூடிவிடலாம். மூடினால் அது எங்கே வருகிறது என்று சொல்ல யாரும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

அவர் கண் இப்போது கதவில் இல்லை. சமையலறைக்கு வந்திருந்தது.

"சொல்லுங்க சார். என்ன அது? காதர், உனக்கு எதாவது தெரியுதா? என் பின்னாடி?"

"அக்கா, புது விளையாட்டா?" காதர் கை தட்டினான். "சூப்பர். நான் சொல்றேன். ஒரு பூனை."

"பல்லி" என்றாள் அன்னக்கிளி.

"விளையாட்டு இல்ல. யாராவது போலீசைக் கூப்பிடுங்க. சத்தியமா."

"என்னா நடிப்புக்கா" என்றான் காதர். ஆறு பேரும் சிரித்தார்கள். ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

அவள் போனை எடுத்தாள். நூறு அடித்தாள். எல்லா இணைப்புகளும் பிசி. மறுபடி அடித்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கத்தினாள். தெருவில் மழை மட்டும் இருந்தது.

நாலு நாற்பத்தேழு.

இளங்கோவன் வாயைப் பொத்திக்கொண்டார். கண் சமையலறையிலிருந்து கட்டிலுக்கு வந்தது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு. அவளுடைய நாற்காலிக்கு.

அங்கேயே நின்றது.

நாலு நாற்பத்தெட்டு. கீழே சொட்டு விழுவது நின்றது.

படியில் சத்தமில்லை. கதவு அசையவில்லை. தாழ்ப்பாள் போட்டபடியே. ஆனால் காற்று மாறியது. ஈரச் சுண்ணாம்பு வாசனை போய் வேறொன்று. வெகுநாள் திறக்காத பெட்டியின் வாசனை. முதலில் தூரத்தில். பிறகு சமையலறைப் பக்கம். பிறகு கட்டில் பக்கம்.

திரும்பக் கூடாது.

அவள் திரையைப் பார்த்தாள். இளங்கோவன் திரையைப் பார்க்கவில்லை. அவருக்கு எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. சுவரோரம் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முகம் புதைத்து, முதுகு குலுங்க அழுதுகொண்டிருந்தார்.

மற்ற ஆறு பேரும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் அன்னக்கிளியின் சிரிப்பு நின்றது. பிறகு காதர். பிறகு ஒவ்வொருவராக. ஆறு ஜோடிக் கண்களும் அவள் முகத்தை விட்டு மெல்ல ஏறி, அவள் தலைக்கு ஒரு சாண் மேலே நின்றன.